நாமக்கல் மலைக்கோட்டையும் இரு குடைவரைகளும்

நாமகிரித் தாயாரையும் நரசிம்மப் பெருமானையும் தொழுது, பெருமானை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரை வணங்கி மீளும் அன்பர் பலர், மலையை அண்ணாந்து நோக்கித் ‘திப்புவின் கோட்டை’ என்று கூறிச் செல்வர். அம்மலையின் வரலாறு திப்புவினும் மிகப் பழமையானது.

கண்டகி நதியினின்று ஆஞ்சநேயர் கொணர்ந்த சாளக்கிராமம் கமலாலயக் குளக்கரையில் இறக்கி வைக்கப்பட, அதுவே மலையாக வளர்ந்தது என்பது தலபுராணம். ஒரே கல்லாகிய இம்மலை இருநூறு அடிக்கு மேல் உயர்ந்தது. ஆரைக்கல் என்பது ஊரின் பழம்பெயர் என்பர். ஆரை என்னும் சொல்லுக்கு மதில் என்னும் பொருளும் உண்டு.

இக்கல்லை முதலிற் குடைந்தோர் அதியர் குலத்தார். காலம் எட்டாம் நூற்றாண்டு. மேற்புறக் குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கின்றார். இரணிய வதம், வராகம், திருவிக்கிரமம் ஆகிய சிற்பங்கள் சுவரிற் பொலிகின்றன. கீழ்ப்புறக் குடைவரையில் அரங்கநாதர் பாம்பணையிற் பள்ளிகொண்டுள்ளார். அதனை ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என அங்குள்ள கல்வெட்டு குறிக்கின்றது; அதியர் குலத்துக் குணசீலன் பெயரையும் தருகின்றது.

பல நூற்றாண்டுகட்குப் பின்னரே உச்சியிற் கோட்டை எழுந்தது. அதனைக் கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்பர் சிலர். மைசூர் மன்னரின் அலுவலர் இலட்சுமி நரசய்யர் என்பர் வேறு சிலர்.

நல்ல அரண் உயரமும் அகலமும் உறுதியும் பகைவர் அணுகுதற்கு அருமையும் உடையதாதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இங்கே உயரமும் அருமையும் பாறை தந்தவை. உச்சிக்குச் செல்லத் தென்மேற்கே குறுகிய படிவழி ஒன்றே உண்டு. ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் பரப்புள்ள உச்சியைச் சுற்றி, பாறையின் விளிம்பு வளையும் வழியே மதிலும் வளைந்து செல்கின்றது. மதிலின் தலையில் ஞாயில்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே வரதராசப் பெருமாள் சன்னிதியும் ஒரு தர்காவும் உள்ளன.

இத்துணை வலிய அரணும் 1768-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே ஐதர் அலி அதனை மீட்டார். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் நாடு மீண்டும் ஆங்கிலேயரைச் சார்ந்தது. மேலே கொடிகள் மாறினும், கீழே இரு குடைவரைகளிலும் விளக்கு எரிகின்றது. மன்னர்க்கு அரணாக எழுந்த மதில் இன்று காவலரின்றி நிற்கின்றது. அடியார்க்கு அரணாகக் குடைந்த கருவறையோ ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக அடைக்கலம் தருகின்றது.

அன்பர்களே! உச்சிக்கு ஏறுவோருள் சிலர் மதிற்கல்லில் தம் பெயரைக் கீறி வருகின்றனர். இம்மதிலை அடுக்கிய கல்தச்சர் ஒருவர் பெயரேனும் நாம் அறியோம். தம் பெயரை விடுத்துத் தம் பணியை மட்டும் விட்டுச் சென்ற அவர்முன் நம் பெயர் எதற்கு? மலையுச்சியையும் சன்னிதியாகவே கருதி, ஏறியவாறே தூய்மையுடன் இறங்குவோமாக. அதுவும் பெருமானுக்குச் செய்யும் திருத்தொண்டே.