கலங்கரை விளக்கமும் ஒரு சொல்லும்

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைப்பது கலங்கரை விளக்கம் என்று பொருள் கூறுவர். ஜொகூர்க் கரைக்கு அப்பால் நிற்கும் இரண்டு கலங்கரை விளக்கங்களின் வரலாற்றை இக்கட்டுரையில் ஒப்பிட்டுக் காண விழைகிறேன்.

முதலாவது, பொந்தியானுக்கு அப்பால் மலாக்கா நீரிணையில் உள்ள பூலாவ் பீசாங் தீவில் நிற்பது. 1900-ஆம் ஆண்டில் ஜொகூர் சுல்தான் அதற்கான நிலத்தை எழுத்துப்பூர்வமான உடன்படிக்கையின் வழி சிங்கப்பூரிலிருந்த ஆங்கிலேய அரசுக்கு வழங்கினார். இன்றும் விளக்கைப் பராமரிப்பது சிங்கப்பூர், தீவோ மலேசியாவினுடையது. விளக்கேற்றுபவர் வேறு, மண்ணுக்கு உரியவர் வேறு என்பது இங்குத் தெளிவு.

இரண்டாவது, பத்து பூத்தே பாறையின் மேல் நிற்கும் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். இப்பாறை ஜொகூரிலிருந்து 7.7 கடல் மைல் தொலைவில் உள்ளது. நீளம் 137 மீட்டரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹோர்ஸ்பர்க் நினைவாக வணிகர்கள் நிதி திரட்டினர். ஜான் டர்ன்புல் தாம்சன் 1850-இல் கட்டத் தொடங்கினார். 1851-இல் விளக்கு எரிந்தது.

1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் பாறை மலேசிய எல்லைக்குள் இடம்பெற்றது. மறு ஆண்டே சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. 2003-இல் வழக்கு அனைத்துலக நீதிமன்றம் சென்றது.

பாறை தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானகத்துக்கு உரியது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், 1953-இல் பாறையின் நிலை குறித்துச் சிங்கப்பூர் கேட்டபோது, ஜொகூர் அதன் உடைமையைக் கோரவில்லை என்று மாநிலத்தின் இடைக்காலச் செயலாளர் பதில் எழுதியிருந்தார். உடைமை வேறு, இறைமை வேறு என்று மலேசியா வாதிட்டது. கேள்வி கடல் எல்லையைப் பற்றியதாதலால் அச்சொல் இறைமையையே குறிக்கும் என்றது நீதிமன்றம். அக்கடிதத்தையும் இரு தரப்பின் பிந்திய நடத்தையையும் கருதி, 23 மே 2008-இல் பாறை சிங்கப்பூருக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளுள் பன்னிருவர் அதற்கு இசைந்தனர்; நால்வர் மறுத்தனர். அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்குக் கிடைத்தன. தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரி 2017-இல் மலேசியா அளித்த விண்ணப்பம் 2018-இல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

ஓரிடத்தில் எழுத்து உரிமையைக் காத்தது. மற்றோரிடத்தில் எழுத்தே உரிமைக்கு எதிரான சான்றாயிற்று. சொற்பொருள் வேறுபாடுகளைத் தேர்வுக்காக மட்டுமே படித்து வந்த எனக்கு, ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதை இந்த வழக்கே உணர்த்தியது. மொழி பயிலும் நாம் எழுதுவதற்கு முன் சொல்லை நிறுத்துப் பார்ப்போமாக!