தில்லைக் குச்சியில் தேநீர் வைத்த தம்பிக்கு



"உப்பங்கழியில் இரண்டு இரவுகள்" கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். பிச்சாவரத்துக்குக் கிழக்கே, எம்.ஜி.ஆர். திட்டை ஒட்டிய மணல்மேட்டில் ஒரு கத்தியும் ஒரு சட்டியும் ஒரு பாலிதீன் விரிப்புமாகத் தங்கிவிட்டு வந்திருக்கிறாய். கத்தி தீட்டுவது, முடிச்சுப் போடுவது, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் படுப்பது இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாடியில் வளர்ந்தவர்கள் நாம், பெருமாள் ஏரிக்கரையில் கற்றவற்றைக் கடிதத்தில் திரும்ப எழுதி என்ன பயன்? என்னை உறுத்திய இடத்துக்கு நேராக வந்துவிடுகிறேன்.

முதல் இரவைப் பற்றிய பகுதியில், "ஏதோ ஒரு மரத்தின் பாதி காய்ந்த கிளையை ஒடித்துத் தீ மூட்டினேன், ஒடித்த இடத்தில் பால் கசிந்தது, புகையில் கண் எரிந்தது" என்று எழுதியிருக்கிறாய். ஏதோ ஒரு மரமா? தம்பி, அது தில்லை. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் சிதம்பரத்துக்கே தன் பெயரைக் கொடுத்த மரம், நடராசர் கோயிலின் தல விருட்சம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே தற்காலிகமாகப் போய்விடும். எரித்தால் வரும் புகையும் கண்ணைக் கெடுக்கும். அந்தக் கையோடு நீ முகத்தைத் துடைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வந்திருக்க மாட்டாய். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கழியில் அதை அடையாளம் காண்பது கடினமில்லை. சுரபுன்னை போல முட்டுக்கொடுக்கும் வேர் இருக்காது, வெண்கண்டலைப் போலச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேரும் இருக்காது. வேர்கள் தரையோடு பாம்பாக ஓடும். பழுத்த இலை சிவந்து உதிரும். ஓர் இலையைக் கிள்ளினால் பால் வரும். அவ்வளவுதான். மரத்தைப் பார்த்து இவற்றைச் சொல்லத் தெரியாதவன் அங்கே கத்தியை உறையிலிருந்து எடுக்கவே கூடாது. போதாததற்கு அது காப்புக்காடு, பச்சைக் கிளையை ஒடிப்பது குற்றம். 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்ட இடம். விறகு வேண்டுமென்றால் கரையில் ஒதுங்கிய கட்டையைப் பொறுக்கு, அல்லது கிள்ளையிலிருந்தே சவுக்கு மிலாறு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போ. தீப்பிடிக்கப் பன்னாடையை உதிர்த்துப் பிடித்தால் போதும். வெளிநாட்டுக் காணொளியில் பார்த்த மரப்பட்டையைத் தேடி நீ ஒரு மணி நேரம் அலைந்ததாக எழுதியிருக்கிறாய். அந்த மரம் பனி விழும் நாட்டில் வளர்வது.

அடுத்தது தண்ணீர். குழி வெட்டி, நடுவில் சட்டி வைத்து, பாலிதீனை விரித்து, வெயிலில் ஆவியாகிச் சொட்டும் நீரைப் பிடித்ததைப் படம் வரைந்து ஒன்றரைப் பக்கம் விளக்கியிருக்கிறாய். நாள் முழுக்கக் காத்திருந்து கிடைத்தது ஒரு டம்ளர். குழி வெட்டிச் சிந்திய வியர்வைக்கே அது போதாது. நீ படுத்திருந்த மணல்மேட்டுக்குள்ளேயே குடிநீர் இருந்தது தம்பி!

இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள். மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் தங்கும். நல்லநீர் இலேசானது, அதனால் மிதக்கும். லட்சத்தீவில் மக்கள் கிணறு வெட்டிக் குடித்து வாழ்ந்ததும் இந்த மிதக்கும் நீரை நம்பித்தான். அலைக்கரையில் தோண்டாதே. மேட்டைத் தாண்டி உள்பக்கம் வா, அடம்புக்கொடி படர்ந்து கிடக்கும் தாழ்வான இடம் பார். கையாலேயே பறி. மணல் குளிர்ந்து கருக்கும், பிறகு ஈரம் ஒட்டும், பிறகு ஊறும். ஊறத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் இன்னும் நல்ல தண்ணீர் என்று நினைப்பவர்கள் உப்பைத்தான் தொடுவார்கள். கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு, திரும்ப ஊற விட்டு, மறுபடி மொள்ள வேண்டும். ஆத்திரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கடல் பொங்கி ஏறிய மணலாக இருந்தால் சில மழைக்காலம் அதைக் கழுவ வேண்டும். குடிப்பதற்குமுன் கொதிக்கவை, அதற்கு உன் சட்டி போதும். கடலூர்க் கரையோரப் பெண்கள் குடத்தோடு போய் இப்படி ஊற்றுநீர் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதைத்தான் நீ எழுதியிருக்க வேண்டும்.

ஏன் எழுதவில்லை என்றும் எனக்குத் தெரிகிறது. "மனிதக் காலடி படாத மணல்" என்று அந்த இடத்தைச் சொல்லியிருக்கிறாய். அங்கே மீனவக் குடும்பங்கள் இருந்தன. அடுப்பு எரிந்தது, வலை காய்ந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை அந்தத் திட்டைத் துடைத்தது, பலர் மாண்டார்கள், மிஞ்சியவர்கள் உள்ளே குடியேறினார்கள். கழியின் இந்தப் பக்கத்தில், கிள்ளையை ஒட்டி, இருளர் குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தண்ணீர் எப்போது ஏறும், எந்த வாய்க்கால் எங்கே முடியும் என்பதை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உன் முதல் இரவு வேறாக இருந்திருக்கும்.

நான் மண்ணைப் பார்க்கக் கற்றதே ஓர் இருளப் பெரியவரிடம்தான். தை அறுவடை முடிந்ததும் ஏரிப் பாசன வயல்களுக்கு எலி பிடிக்க வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் பின்னாலேயே போவேன். வளை வாயில் சிலந்தி வலை இருந்தால் ஆள் இல்லை. புதுமண் பொலபொலவென்று அடைத்திருந்தால் உள்ளே இருக்கிறது. வரப்பின் மறுபக்கம் தப்பிக்கும் வழி ஒன்று மெல்லிய மண்மூடியோடு இருக்கும், முதலில் அதைத் தேடிக் கல் வைப்பார். பிறகு அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயை வளையோடு பொருத்தி, ஓட்டையில் வாய்வைத்து ஊதுவார். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லும் படிக்கணக்கில் கிடைக்கும். அவர் பேசியது மிகக் குறைவு. கையை மண்ணில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார், நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அடுத்த வளைக்குப் போய்விடுவார்.

அந்த வித்தையின் மதிப்பு உலகத்துக்குத் தெரிந்த கதை உனக்கும் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போய், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடி. அவர்களுக்கு முன்பின் தெரியாத சதுப்பு அது. கையில் ஒரு கம்பிதான், கண்ணுக்குத்தான் எல்லா வேலையும். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. 1978இல் தொடங்கிய வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் நஞ்செடுத்துத் திரும்பக் காட்டில் விடுகிறவர்கள் இவர்கள். நாட்டில் எத்தனையோ பேர் உயிர்பிழைக்கும் மருந்து இந்தக் கைகளிலிருந்து வருகிறது.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்கிறேன். இரண்டாம் இரவில், தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே நண்டுகள் சுரபுன்னை வேர்களில் மேலே நகர்வதைக் கண்டு, பையையும் துணியையும் மேட்டுக்கு மாற்றினாயே, அந்தப் பத்தியை என் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். தமிழில் கழியைப் பற்றி இதற்கு இணையான பத்தியை நான் படித்ததில்லை. யாரும் சொல்லாமல் நீயே கண்டது அது, எந்தச் சாதனமும் இல்லாமல். அந்தக் கண் உனக்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருமுறை கிள்ளைக்குப் போ. வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொள். இருளர் குடியிருப்பில் ஒருவரை நாள்கூலி பேசிக் கூட அழைத்துப் போ, கூலியில் பேரம் பேசாதே. அவர் சம்மதித்தால் கட்டுரையில் அவர் பெயரைப் போடு. நூலாக்கும்போது அந்தப் பாலிதீன் குழிப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊற்றைப் பற்றி எழுது. தில்லைக்கு ஒரு முழுப் பக்கம் கொடு, இலை, வேர், பால் மூன்றையும் நீயே வரைந்துவிடு.

இப்படிக்கு,
உன் ஊர்க்காரன்