பிணைக் கையெழுத்து

கிளிநொச்சி

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய பட்டப்படிப்புக் கட்டணத்தாளை மூன்று தரம் வாசித்தேன். முந்தநாள் கொப்பரும் வந்திருந்தார். பரந்தன் காணி உறுதியைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "மச்சான், பிள்ளையின் படிப்புக் கடனுக்குப் பிணையாக நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும்" என்றார். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. முதலில் உனக்குச் சொல்லவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

சர்வதேச உறவுகள் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் திரண்டு, எங்களை விட்டுப் போகாதையுங்கோ என்று கெஞ்சியபோது, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கொம்மாவும் அங்கே நின்றாள். யுத்த நேரம் ஐ.நா. ஆட்களை அரசாங்கம் வெளியேறச் சொல்லியிருந்தது. வெள்ளை வாகனங்கள் போய்விட்டன. 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கிய தாய்மார், மார்ச் வந்தால் ஜெனீவா மனித உரிமைப் பேரவையைத்தான் கதைப்பார்கள். இப்படியான ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் ஆசை வராவிட்டால்தான் புதினம். எனக்குப் பயம் அந்தக் கடன்தான்.

சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கடன் படிவம் பார்த்தவன் நான். 40 இலட்சம் ரூபா, 14 வீத வட்டி, 7 வருஷம். மாதத் தவணை ஏறத்தாழ 75,000 ரூபா. கட்டி முடிக்கும்போது 63 இலட்சம். நீ படிக்கிற மூன்று வருஷத்து வட்டியை நான் இதில் சேர்க்கவேயில்லை. இனிச் சம்பளத்தைப் பார். 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக உயர்த்தியது. பட்டதாரிக்கு அதைவிடக் கூட வரும். ஆனால் இந்தத் தவணையைக் கட்டிவிட்டுச் சாப்பிடுகிற அளவுக்கு வராது. 2020இல் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளைப் பயிலுநராக எடுத்தபோது மாதம் 20,000 ரூபாதான் கொடுத்தார்கள். அதற்கும் வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். தொண்டு நிறுவன வேலை என்கிறாய். திட்டம் முடிகிற திகதியோடு முடிகிற வேலை அது. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைக்கு இந்தப் பட்டந்தான் வேண்டுமென்றில்லை, எடுப்பதும் மிகச் சிலரை.

கட்டணத்தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் பவுண்டில் அறவிடப்படும். கவனித்தாயோ தெரியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. மே மாதம் 360ஐத் தாண்டிவிட்டது. பவுண்டும் கூடவே ஏறியது. பாதி படித்துவிட்டு மிச்சக் கட்டணம் கட்ட நின்ற பிள்ளைகளை நினைத்துப் பார். கொப்பருடைய சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

இங்கிலாந்துப் பிள்ளைகளும் கடனில்தானே படிக்கிறார்கள் என்று கேட்டாய். அங்கே 2023இலிருந்து சேர்ந்தவர், வருஷம் 25,000 பவுண்டுக்கு மேல் உழைத்தால் அந்த மேல்மிச்சத்தில் 9 வீதம் கட்டுவார். உழைக்காவிட்டால் கட்டத் தேவையில்லை. 40 வருஷத்தில் மிச்சம் தள்ளுபடி. அப்படியிருந்தும், ஐந்து பட்டதாரிகளில் ஒருவர் பல்கலைக்கழகம் போகாமல் இருந்திருந்தால் காசுக்கணக்கில் நன்றாக இருந்திருப்பார் என்று 2020இல் அங்கத்தைய ஆய்வு நிறுவனமொன்று கணக்குக் காட்டியது.

எங்கள் கடன் சம்பளம் வந்ததா என்று கேட்காது. ஒருநாள் தர்மபுரத்துப் பெண் ஒருத்தி சங்கத்துக்கு வந்து ஐந்து நுண்கடன் அட்டைகளை என் மேசையில் பரப்பினாள். இரண்டாவது, முதலாவதை அடைக்க எடுத்தது. மூன்றாவது, இரண்டாவதை அடைக்க. கிழமைத் தவணை வாங்க வந்தவன் பொழுதுபடும்வரை விறாந்தையில் இருந்தானாம், அவள் உள்ளே அடுப்பு மூட்டாமல் இருந்தாளாம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. உன் 40 இலட்சத்துக்கு அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். காணிதான் போகும்.

யாழ்ப்பாணக் கலைப்பீடம் கிடைக்கும் என்று சொன்னாய். அதை எடு பிள்ளை. கட்டணம் இல்லை. மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பி. அரசறிவியலைப் பாடமாக எடுத்துக்கொள். பட்டத்தின் பெயரில் 'சர்வதேசம்' இல்லையே என்று கவலைப்படாதே. ஆயுத மோதலில் அகப்பட்ட சிறுவர்களுக்காக 2006 முதல் 2012 வரை ஐ.நா.வின் விசேட பிரதிநிதியாக இருந்த ராதிகா குமாரசுவாமி சட்டம் படித்தவர். சிங்களத்தை வடிவாக எழுதப் பேசப் பழகு. ஆங்கிலத்தில் ஒரு அறிக்கையைப் பிழையில்லாமல் எழுதப் பழகு. எங்கள் பக்கத்தில் மூன்று மொழியும் கைவந்த ஆட்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை செய்தால் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் பிரித்தானிய அரசாங்கமே செலவு பார்க்கும், ஒரு வருஷ முதுமாணி. அங்கே நீ ஆசைப்பட்ட படிப்பையே படிக்கலாம். கிடைப்பது லேசில்லை. கிடைக்காவிட்டாலும் காணி உறுதி அலுமாரியில் இருக்கும்.

பிணைக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். கொப்பரிடம் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லுகிறேன், உன்னைக் கோபிக்க விடமாட்டேன். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை வாடகையும் சிங்கள வகுப்புக் காசும் என் பொறுப்பு. பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் வந்ததும் கோல் எடு. காலைப் பஸ்ஸில் இரண்டுபேரும் போய் அறை பார்ப்போம்.

அன்புடன்,
மாமா