ஆறாத கணுக்கால் வீக்கம்: சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

மலையில் ஏறி இறங்கி வேலை செய்கிற நமக்குக் கால் பிசகுவது புதிதல்ல. "சுளுக்குதானே, எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போகும்" என்போம். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகியும் விடும். ஆனால் மாதம் கடந்தும் வீக்கம் வற்றவில்லை, இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால், அது சுளுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

அபூர்வமாக, எலும்புக்குள் கட்டி வளர்வதுண்டு. அதில் ஒரு வகை 'இராட்சதக் கலக் கட்டி'. நுணுக்குக்காட்டியில் மிகப் பெரிய கலங்கள் தெரிவதால் இந்தப் பெயர். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்காரருக்கு வரும். முழங்காலை ஒட்டித்தான் அதிகம், கணுக்காலில் குறைவு. இது பொதுவாகப் புற்றுநோய் அல்ல. ஆனாலும் கறையான் மரத்தை அரிப்பதுபோல எலும்பை உள்ளே அரித்துவிடும். அரித்த எலும்பு சின்ன இடறலிலும் முறியலாம். அதனால்தான் அந்த இடத்தை அழுத்தி நீவக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எக்ஸ்ரே. பிறகு தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படம். கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் இன்ன கட்டி என்று உறுதியாகும்.

காலை எடுத்துவிடுவார்களா?

இந்தப் பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாளைக் கடத்துகிறார்கள். இந்தக் கட்டிக்குக் காலை எடுக்க வேண்டி வருவது மிக அரிது. டொக்டர் எலும்பில் வழி திறந்து, கட்டியைச் சுரண்டி எடுப்பார். மிச்சம் மீதி இல்லாதபடி உட்சுவரையும் கருவியால் தேய்ப்பார். வெற்றிடத்தை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளாலோ, எலும்புச் சீமெந்தாலோ நிரப்புவார்.

தாமதித்து எலும்பு அதிகம் கெட்டுப்போனால், மூட்டையே அசையாதபடி ஒட்டவைக்க நேரலாம். அப்புறம் சரிவான மலையில் கொழுந்து பறிப்பது கஷ்டம். முந்திப் போனால் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

சில வாரங்கள் காலை ஊன்றக் கூடாது, ஊன்றுகோல்தான் துணை. டொக்டர் சொல்லும் முன் மலைக்கு வேலைக்குப் போகாதீர்கள். இந்தக் கட்டி சிலருக்குத் திரும்பவும் வரும், பெரும்பாலும் முதல் 2, 3 வருஷத்துக்குள். வலி போனாலும் கிளினிக்கை விடாதீர்கள். கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரே படங்களையும் பத்திரமாக வையுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் நமக்கும் உரியது. வீக்கம் வற்றாவிட்டால் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிப் போய் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள்.