ஆலைக்காகப் பேசுவதா, ஊருக்காகப் பேசுவதா?

கேள்வி: 28 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். வெள்ள மீட்புக்குப் போன இடங்களில், வீட்டை விட்டு வர மறுத்தவர்களிடம் பேசி வெளியே கொண்டுவந்த அனுபவம் உண்டு. இப்போது ஒரு ரசாயன ஆலை என்னை வேலைக்கு அழைக்கிறது. விபத்து ஏதும் நேர்ந்தால் ஊர்மக்களிடமும் பத்திரிகைகளிடமும் பேச ஆள் வேண்டுமாம். சம்பளமும் நல்ல சம்பளம். ஊரிலோ, படைவீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த ஆலையை ஒட்டிய கிராமத்தாரும் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று மனு எழுதச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா? பட்டாள அனுபவம் இதற்கு உதவுமா?
— ஒரு முன்னாள் சுபேதார், வேலூர் மாவட்டம்

பதில்: சுபேதார் ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். உதவும். ஆனால் ஆலைக்காரர்கள் நினைப்பதுபோல உங்கள் மீசையும் அதட்டும் குரலும் அல்ல உதவப்போவது. நீங்கள் ஆயிரம் முறை அனுப்பியிருக்கும் சிட்ரெப், அதாவது நிலவர அறிக்கைதான் உதவும். இதுவரை தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு? நெருக்கடி நேரத்தில் மக்கள் கேட்பதும் இந்த நான்கைத்தான்.

2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டபோது, 'இன்னும் சில மணி நேரத்தில் வந்துவிடுவார்கள்' என்று தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லின. டெல்லியில் செய்தியாளர்களிடம் விளக்கம் அளித்துவந்தவர், காஷ்மீரில் 15ஆவது கோர் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் சையத் அதா ஹஸ்னைன். அப்போது அவர் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணைய உறுப்பினர். மலையோடு போராடும்போது நேரக் கணக்குச் சொல்ல முடியாது, ஊகிக்காதீர்கள் என்றார். பிறகு துளையிடும் ஆகர் இயந்திரம் உடைந்தது. கடைசிச் சில மீட்டர்களை எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையால் தோண்டி 17ஆம் நாள் எல்லோரையும் மீட்டார்கள். கெடு எதுவும் சொல்லாவிட்டால், இயந்திரம் உடையும் அன்று பேச்சை மாற்ற வேண்டியிருக்காது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானவர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். பெயர் ரசல் ஓனரே, லூசியானாக்காரர். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அந்த மாநிலத்தைப் புரட்டிப்போட்டது. ராணுவ மீட்புப் படைக்குத் தலைவராக நியூ ஆர்லியன்ஸ் வந்த ஓனரே, தெருவில் துப்பாக்கியை நீட்டியபடி நின்ற வீரர்களைப் பார்த்து, முனையைக் கீழே இறக்கச் சொல்லிக் கத்தினார். எதிரே நின்றவர்கள் பசியோடு இருந்த சொந்த நாட்டு மக்கள், எதிரிகள் அல்லவே. அந்த ஒரு காட்சி ஊருக்குச் சொன்னதை எந்த அறிக்கையும் சொல்லியிருக்காது. மூன்று வாரம் கழித்து ரீட்டா புயல் நெருங்கியபோது, போன புயலில் என்ன தவறு நடந்தது என்றே செய்தியாளர்கள் துளைத்தார்கள். பேருந்து எங்கே நிற்கும் என்பதை மக்களிடம் சேருங்கள், பழைய கதையிலேயே சிக்கி நிற்காதீர்கள் என்று கடிந்துகொண்டார். அந்தக் கடுமையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. புயல் வாசலில் நின்ற அன்று அது சரி. அமைதியான நாளில் அதே பதிலைச் சொன்னால், அது பொறுப்பிலிருந்து நழுவுவது.

ஓனரே 2008இல் ஓய்வு பெற்றார். 2012இல் லூசியானாவின் பேயூ கோர்ன் என்ற சிற்றூரில், நிலத்தடியில் உப்பு எடுத்த குகை இடிந்து பெரும் பள்ளம் விழுந்தது, குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஓனரே 'கிரீன் ஆர்மி' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். எண்ணெய், ரசாயன நிறுவனங்கள் கோலோச்சும் மாநிலத்தில், நீரும் காற்றும் கெட்டுப்போன ஊர்களுக்காகச் சட்டமன்றத்தில் போய்ப் பேசினார். அவர் சீருடையில் இருந்தவரை அரசின் குரல். கழற்றிய பின் பாதிக்கப்பட்டவர்களின் குரல். ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தில் இரண்டு பக்கமும் நிற்கவில்லை. நீங்கள் கேட்பதோ அப்படி இரண்டு பக்கமும் நிற்பதைத்தான். அது முடியாது. காலையில் கிணற்று நீர் மனுவை எழுதிவிட்டு மாலையில் ஆலையின் சார்பில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்றால், இரண்டு இடத்திலும் உங்கள் பேச்சு செல்லாது.

விதவைகளின் வேலை வேறு. ஆலைக்கும் அதற்கும் முரண்பாடு இல்லை. எந்த வேலைக்குப் போனாலும் அதைத் தொடருங்கள். படைப் பணிப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் குடும்ப ஓய்வூதியம் எத்தனை மாதம் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது. படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆயுள் சான்று பதிய மகனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்கு உங்களைவிடப் பெரிய ஆள் கிடையாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை வாங்கி, தேதிவாரியாகக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்குக் குரல் கொடுப்பதில் முக்கால்வாசி இந்தக் கோப்புதான். மேடைப் பேச்சு மிச்சம்.

இனி ஆலை வேலை. அதை நான் மட்டம் தட்டவில்லை. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்களே, அங்கே ஆலையின் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கவில்லை என்று அரசுக் குழுவே பின்னர் சொன்னது. தூங்கிக்கொண்டிருந்த ஊருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டியவராகத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்களா, அல்லது நடந்த பிறகு ஊரைச் சமாதானப்படுத்தவா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்கள் தொடர்பான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, பெருவிபத்து நேரக்கூடிய ஆலைகள், பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து என்ன, விபத்தின்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஆலை வளாகத்துக்கான அவசரத் திட்டமும் எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றின் நகலைக் கேளுங்கள். கூடவே, கசிவு என்றால் மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் ஊருக்கு அறிவிக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்பதை வேலை உத்தரவில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தந்தால் சேருங்கள், அப்போது கிணற்று நீர் மனுவை நம்பிக்கையான வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏன் விலகுகிறீர்கள் என்பதைக் கிராமத்தாரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். மழுப்பினால், சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம் என்பேன்.