எட்டு வாட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கர் எது?

கேள்வி: 300பி வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறேன். 8 வாட்தான். எப்படிப்பட்ட ஸ்பீக்கர் பொருந்தும்?

பதில்: வாட்டை விட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை முதலில் பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதே அந்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டவும் இரண்டு மடங்கு வாட் வேண்டும். 87 டெசிபல் ஸ்பீக்கர் உங்கள் 8 வாட்டையும் விழுங்கித் தரும் ஒலியை, 96 டெசிபல் ஸ்பீக்கர் ஒரே வாட்டில் தந்துவிடும். மிருதங்கத்தின் திடீர் வீச்சுக்கு மீதி 7 வாட் கையிருப்பாக நிற்கும். அதனால் 95-க்கு மேற்பட்டதையே தேடுங்கள். ஹார்ன் வகை இதற்கு மிகவும் ஏற்றது. பால் கிளிப்ஷ் 1940-களில் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் இன்றும் வால்வு ரசிகர்களின் விருப்பம்.

அடுத்தது இம்பிடன்ஸ், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில ஸ்பீக்கர்கள் சில சுருதிகளில் 3 ஓம் வரை இறங்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர் அங்கே திணறி, இசையின் சமநிலை கெடும். ஏற்ற இறக்கம் குறைந்ததே நல்லது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 4 ஓம், 8 ஓம் இணைப்புகள் இரண்டும் இருந்தால், இரண்டிலும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் பாட்டு ஓட விடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.