நிவாரணத் தொகையும் பெயர்ப் பதிவும்

கொவிட்-19 பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 18-ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அதனால் வருவாய் குன்றிய குடும்பங்களுக்கு உதவ, மார்ச் 27-இல் அரசாங்கம் பிரிஹாத்தின் திட்டத்தை அறிவித்தது. மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பத்திற்கு 1,600 வெள்ளி வழங்கப்பட்டது.

இவ்வுதவிக்கு அளவுகோல் வருமானமேயன்றித் தொழிலன்று. கூலிம் ஹைடெக் பூங்காவின் ஆலைத் தொழிலாளிக்கும், தோட்டத்தில் பால்மரம் சீவும் தொழிலாளிக்கும் விதி ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. அரசாங்க உதவித் தொகைப் பதிவேட்டிலோ வருமான வரிக் கோப்பிலோ விவரம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஏப்ரல் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எழுதப் படிக்க அறியாத முதியோருக்கு அந்த ஒரு மாதம் எத்துணைக் குறுகியது!

சிறு ரப்பர் நிலம் உடையோருக்கும் இப்பாடம் பொருந்தும். ரப்பர் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கும்போது, மலேசிய ரப்பர் வாரியத்தின்வழி உற்பத்தி ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. அதனைப் பெற, ரப்பர் விற்பனைக்கான அனுமதி அட்டையும் விற்பனை ரசீதும் தேவை.

ஆகவே, தோட்டப் பாட்டாளிகளே! திருமணம், பிறப்பு, இறப்பு, முகவரி மாற்றம் ஆகியவற்றை உடனுக்குடன் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கைச் செயல்பாட்டில் வைத்திருங்கள். துன்பம் வந்தபின் தேடும் பத்திரத்தைவிட, முன்னரே பெட்டியில் உள்ள பத்திரமே கைகொடுக்கும்.